எழும்பூரில் தொடங்கும் திருவாலங்காடு

"சனிக்கிழமை திருவாலங்காடு போறோம், என்னென்ன பாக்கணும்?" என்று ஆபீஸில் யாராவது கேட்டால் என் முதல் பதில் அவர்களைக் குழப்பும். முதல்ல எழும்பூர் போங்க.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. திருவாலங்காட்டின் இரண்டு பெரிய சொத்துகள் இன்று எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன: ஒரு நடராஜர் செப்புத் திருமேனி, ஒரு செப்பேட்டுத் தொகுதி. அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. படிமங்கள் தனிக் கட்டடத்தில் இருப்பதால் அதற்கென்று நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நடராஜரைச் சுற்றித் திருவாசி இல்லை. நெருப்பு வளையம் இல்லாததால் உடலின் ஓட்டம் மட்டும் கண்ணில் நிற்கும். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் 1913-ல் இந்தச் சிலையைப் பற்றி எழுதினார். அவர் பார்த்தது புகைப்படங்களை மட்டும்தான். அவருக்குக் கிடைக்காதது நமக்கு ஒரு பஸ் டிக்கெட்டில் கிடைக்கிறது.

செப்பேடு 1905-ல் கோயில் திருப்பணியின்போது கிடைத்தது. 31 ஏடுகள், அவற்றைக் கோத்த வளையம், வளையத்தில் ராஜேந்திர சோழனின் முத்திரை. பழையனூர் என்ற ஊரின் வருவாயைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடுத்த ஆணை அது. ராஜேந்திரனின் 6-ம் ஆட்சியாண்டு, அதாவது ஏறத்தாழ 1018. ஆனால் அதன் சமஸ்கிருதப் பகுதி கடார வெற்றியைப் பேசுகிறது. கடாரப் படையெடுப்போ 1025-ஐ ஒட்டி நடந்தது. ஆக, ஆணை முதலில், புகழுரை பின்னால். எங்கள் மொழியில் சொன்னால், கமிட் தேதி பழசு, டாக்குமென்டேஷன் அப்புறம் சேர்த்தது.

'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் தேடிப் போவது அந்த சமஸ்கிருதப் பகுதியைத்தான். மக்கள் வேண்டியும், சிற்றப்பாவுக்கு ஆசை இருக்கும்வரை அரியணை எனக்கு வேண்டாம் என்று அருண்மொழி ஒதுங்கிய செய்தி அதில் இருக்கிறது. தமிழ்ப் பகுதியை யாரும் சீண்டுவதில்லை. நானும் முதலில் தாண்டிப்போனவன்தான். போர் கிடையாது, சதி கிடையாது. எல்லை, எல்லை, எல்லை. ஒரு பெண் யானையை நடக்கவிட்டு, ஊரார் அதன் பின்னால் போய், கல்லும் கள்ளியும் நட்டு ஊரை வளைத்திருக்கிறார்கள். இந்தக் குளத்துக்கு மேற்கே, அந்தப் புற்றுக்குத் தெற்கே, இன்ன வாய்க்காலைத் தாண்டி என்று போய்க்கொண்டே இருக்கும்.

அதை நான் நிறுத்தி வாசித்ததற்குக் காரணம் எங்கள் வீட்டு பீரோ.

எனக்குக் கும்மிடிப்பூண்டி பக்கம். நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பா ஒன்றரை ஏக்கரை விற்றார். இப்போது அங்கே ஒரு கம்பெனியின் குடோன் நிற்கிறது. அந்தப் பணத்தில்தான் என் மீதி ஃபீஸ் கட்டினோம், அதனால் எனக்குப் புலம்ப உரிமையில்லை. போன வருடம் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்தபோது அந்தக் கிரையப் பத்திரத்தின் நகலும் வந்தது. சர்வே எண்ணுக்குக் கீழே செக்குபந்தி: ஓடைக்கு மேற்கு, பனைமர வரப்புக்குத் தெற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு. ஆயிரம் வருடம் கழித்தும் அதே வாக்கிய அமைப்பு. செப்பேடு ஓர் ஊரைக் கோயிலிடம் சேர்க்க எழுதியது, எங்கள் பத்திரம் நிலத்தைக் கைமாற்ற எழுதியது. ஓடை இன்று ஒரு சிமென்ட் குழாய். பனைமரங்கள் இல்லை.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு திருவாலங்காடு போனேன். ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயிலில் போக சென்னைக்குள் வந்து திரும்ப வேண்டும். பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி லைனும் அரக்கோணம் லைனும் பிரிகின்றன. மூர் மார்க்கெட்டில் அரக்கோணம் லோக்கல் ஏறினால் திருவள்ளூருக்கு அப்புறம் திருவாலங்காடு. ஃபாஸ்ட் வண்டியா என்று கேட்டு ஏறுங்கள், நிற்காமல் போய்விடும். ஸ்டேஷனிலிருந்து கோயில் சில கிலோமீட்டர் தள்ளி, ஆட்டோ பிடிக்க வேண்டும். மதியம் நடை சாத்துவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். மார்கழித் திருவாதிரையன்று கூட்டம் தாங்காது.

உள்ளே இரத்தின சபை. இங்கே ஆடல்வல்லான் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடுகிறார், காளியோடு போட்டி போட்ட ஊர்த்துவ தாண்டவம். எழும்பூரில் பார்த்தது ஆனந்த தாண்டவம், வேறு ஆட்டம். இரண்டையும் பார்த்தவருக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும். காரைக்கால் அம்மையாரையும் தேடிப் பாருங்கள். இந்த ஊரைப் பற்றி அவர் பாடிய இரண்டு மூத்த திருப்பதிகங்களும் சுடுகாட்டையும் பேய்களையும் விட்டு நகராது. அவர் தலையால் நடந்த மண் என்று சம்பந்தர் உள்ளே கால் வைக்கவே தயங்கினார் என்கிறது பெரியபுராணம்.

கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். பழையனூர் பக்கத்திலேயே இருக்கிறது. போகிற வழியில் ஓர் ஏரிக்கரையில் அப்பா ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். செப்பேட்டு விஷயத்தை ரயிலில் அவருக்குச் சொல்லியிருந்தேன். மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவரிடம் போய், "கலங்கல் எந்தப் பக்கம்ணா?" என்று கேட்டார். அவர் கை காட்டினார். இருவரும் பத்து நிமிடம் தண்ணீர் வடியும் திசையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து அப்பா சொன்னார்: "அப்ப எல்லை அந்தாண்டதான் இருந்திருக்கும்டா. தண்ணிய வெச்சுதான் போட்டிருப்பாங்க."

அது சரியா என்று என்னால் சரிபார்க்க முடியாது. ஆனால் 31 ஏடுகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது எனக்கு வராத கேள்வி அது. நீங்கள் போகும்போது வயல் பார்த்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். உங்கள் வீட்டில் இன்னும் அப்படி ஒருவர் இருந்தால், சீக்கிரம் போங்கள்.