ஒளியிழந்த விழித்திரையின் தன்னியல்புத் துடிப்பு: காரணம் சிதைவா, உள்ளீட்டு இழப்பா?

திருப்பாதிரிப்புலியூர் வட்டாரத்தில் மாலைக்கண் என்றதும் வைட்டமின் ஏ குறைபாடுதான் பேச்சில் வரும். அக்கா மகளையோ மாமன் மகளையோ மணக்கும் வழக்கம் மறையாத நம் பகுதியில், ஒளியுணர் செல்களை மெல்ல அழிக்கும் பரம்பரை நோயான ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவையும் அதே அளவு கருத வேண்டும். உலக அளவில் சுமார் 4000 பேருக்கு ஒருவரிடம் காணப்படும் இந்நோய், தென்னிந்தியாவில் நாற்பதைக் கடந்தோரிடையே நகர்ப்புறத்தில் 930 பேரில் ஒருவருக்கும் கிராமப்புறத்தில் 372 பேரில் ஒருவருக்கும் இருப்பதாகச் சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2008இல் கணக்கிட்டனர்.

இந்நோயாளிகள் பலர், கண்ணை மூடினாலும் பொறி பறக்கிறது என்பார்கள். இதை மனப்பிரமை என்று ஒதுக்குவது தவறு. ஒளியுணர் செல்கள் மடிந்த விழித்திரை ஓய்ந்துவிடுவதில்லை. இதே போன்ற பரம்பரைச் சிதைவுள்ள ஆர்டி1 வகைச் சுண்டெலியில், மங்கொளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே பெரும்பாலும் அழிகின்றன. அதன் பிறகும் பார்வை நரம்புக்குச் செய்தி அனுப்பும் கேங்கிலியன் செல்கள் வெளிச்சமே இல்லாமல் நொடிக்குச் சுமார் பத்து முறை கொத்துக்கொத்தாகத் துடிக்கின்றன.

துடிப்பு பிறக்கும் இடம் ஏ-இரண்டு வகை அமாக்ரின் செல். கோல் செல் வழிவரும் சமிக்ஞையைப் பகலொளிக்கான கூம்பு செல்களின் வழிக்குக் கடத்துவது இதன் வேலை. அண்டையிலுள்ள கூம்பு இருமுனை செல்களோடு இது நேரடி மின்னிணைப்புக் கொண்டது. ஒளியுணர் செல்களின் பக்கமிருந்து வரும் தூண்டல் நின்றதும் இதன் சவ்வு மின்னழுத்தம் இறங்குகிறது. அந்த நிலையில் சோடியம் வாயில்களும் மெதுவாகத் திறக்கும் பொட்டாசியம் வாயில்களும் மாறிமாறி இயங்க, செல் தானாகவே துடிக்கத் தொடங்குகிறது. 2014இல் வெளியான ஆய்வு இதை எலியில் காட்டியது.

நோயில் நரம்பிணைப்புகள் தாறுமாறாக மாறுவதே காரணம் என்று வாதிடுவோர் உண்டு. நாட்பட்ட நிலையில் அத்தகைய மாற்றம் நிகழ்வது உண்மைதான். ஆனால் நலமான எலியின் விழித்திரையிலுள்ள ஒளியுணர் நிறமியைக் கடும் ஒளியால் வெளுக்கச் செய்தபோதும் இதே போன்ற தாளத் துடிப்பு எழுந்ததை 2014இல் மற்றொரு குழு பதிவு செய்தது. அங்கே சிதைவே இல்லை; ஒளியுணர் செல்களின் உள்ளீடு மட்டுமே நின்றது. ஆகவே துடிப்பின் வேர் உள்ளீட்டு இழப்பில் இருக்கிறது. சுற்று பெரிதும் முழுமையாக இருக்கும்போதே அது தோன்றிவிடுகிறது என்பது என் முடிபு.

சிகிச்சைக்கு இது பெரிய செய்தி. 60 மின்முனைகள் கொண்ட ஆர்கஸ்-2 செயற்கை விழித்திரை 2013இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 2019இல் அதன் தயாரிப்பு நின்றது. இத்தகைய கருவியும், எஞ்சிய செல்களை மரபணு வழியே ஒளியுணரச் செய்யும் ஒளிமரபணு சிகிச்சையும் தரும் சமிக்ஞை, இந்தத் துடிப்பால் ஏற்கெனவே இரைந்துகொண்டிருக்கும் நரம்பின் வழியாகத்தான் மூளைக்குப் போக வேண்டும். மெக்லோஃபெனாமிக் அமிலத்தால் மின்னிணைப்புகளை அடைத்ததும் எலி விழித்திரையில் இரைச்சல் தணிந்து, மறைந்திருந்த ஒளி எதிர்வினை மீண்டதாக 2013இல் வந்த ஆய்வு கூறுகிறது. இரைச்சலைத் தணிப்பதைத் துணை வேலையாகக் கருதாமல் சிகிச்சையின் முதற்படியாக வைக்க வேண்டும்.

எலியின் துடிப்பும் மனிதர் காணும் பொறியும் ஒன்றே என நிறுவ மனிதத் தரவு தேவை. தவளக்குப்பம் அரவிந்த் மருத்துவமனை, அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இந்நோயாளி வரும்போதெல்லாம் பொறி எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் தெரிந்தது என்று கேட்டு எழுதிவைக்கலாம். திடீரெனப் புதிதாகப் பொறி தோன்றினால் அது விழித்திரை விலகலாகவும் இருக்கக்கூடும். அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.