வீட்டின் கடவுச்சொல் யாரிடம்?

1966இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஜிம் சதர்லேண்ட் என்ற பொறியாளர், கழித்துவிடப்பட்ட பாகங்களைக் கொண்டு தன் வீட்டுக்கென்றே ஒரு கணினியைக் கட்டினார். எக்கோ 4 என்று பெயர். எடை ஏறக்குறைய 800 பவுண்டு. கடிகாரங்களை ஓட்டுவது, மளிகைப் பட்டியல் போடுவது, வெப்பநிலையைக் கவனிப்பது என்று அதற்கான வேலைகளை வகுத்தவர் அவர்தான். அதுவரை மனைவியின் தலைக்குள் இருந்த வீட்டு நிர்வாகம், கணவரின் கையால் நிரலாக எழுதப்பட்டது.

1969இல் நீமன் மார்கஸ் கடையின் விற்பனைப் பட்டியலில் ஹனிவெல் சமையலறைக் கணினி இடம்பெற்றது. விலை 10,600 டாலர். காய் நறுக்கும் பலகையும் அதோடு சேர்ந்தது. திரையில்லை, சுவிட்சுகளைத் தள்ளி இரும எண்களில் கேட்டு, விளக்குகள் எரிவதைப் பார்த்து விடையைப் படிக்க வேண்டும். இதற்கு இரண்டு வாரப் பயிற்சி வேறு. ஒரு சூப்பு வைக்க! ஒன்றுகூட விற்றதாகத் தெரியவில்லை. விளம்பரமோ இல்லத்தரசியின் சமையல் திறனைத்தான் கிண்டலடித்தது.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்தவர் பிரான்சிஸ் கேப். ஓரிகான் மாநிலத்தின் நியூபெர்கில், தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வீட்டைக் கட்டி, அதில் வாழ்ந்து, 1984இல் காப்புரிமையும் பெற்றார். கூரையிலிருந்து நீர் தெளிக்கும்; தரை சரிந்து நீரை வடிக்கும்; பாத்திரங்கள் அலமாரியிலேயே கழுவப்பட்டு அங்கேயே காயும். கணினியால் என்ன செய்ய முடியும் என்று மற்றவர்கள் யோசித்தார்கள். எந்த வேலை பெண்ணின் ஆயுளைத் தின்கிறது என்பதிலிருந்து கேப் தொடங்கினார். ஆனால் சந்தை அவர் வழியில் போகவில்லை.

1975இல் ஸ்காட்லாந்தில் உருவான எக்ஸ்10, வீட்டு மின்கம்பி வழியாகவே விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பியது. இன்றைய ஹோம் அசிஸ்டென்ட் போன்ற திறந்தமூல மென்பொருளில் யாரும் தம் வீட்டுக்கான விதிகளை எழுதிக்கொள்ளலாம்: இருட்டினால் விளக்கு எரியட்டும், கதவு திறந்தால் கைபேசிக்குச் செய்தி வரட்டும். அதை நிறுவும்போது முதலில் உருவாகும் கணக்குக்கு 'உரிமையாளர்' என்றே பெயர். மற்றவர்களுக்கு எவ்வளவு அனுமதி என்பதை நிர்வாகிதான் முடிவு செய்கிறார். மாமியார் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சாவி கண்ணுக்குத் தெரிந்தது.

2018இல் நியூயார்க் டைம்ஸ், குடும்ப வன்முறைக்கு உள்ளான பெண்களிடமும் அவர்களுக்கு உதவுவோரிடமும் பேசி ஒரு செய்திக்கட்டுரை வெளியிட்டது. ஒரு பெண் போட்ட ஏசி, அவள் தொடாமலேயே அணைந்தது. இன்னொருத்தியின் வாசற்பூட்டு எண் தினமும் மாறியது. ஆளே இல்லாமல் அழைப்புமணி அடித்தது. பெரும்பாலும் கருவிகளைப் பொருத்தியவன் ஆண், கடவுச்சொல்லும் அவனிடமே. வீட்டை விட்டு வெளியேறிய பின்னும் கைபேசியிலிருந்து அவன் அந்த வீட்டுக்குள் இருந்தான். கருவியைப் பிடுங்கி எறியலாமே என்று தோன்றும். அது அவன் கோபத்தை இன்னும் கிளறிவிடக்கூடும் என்று உதவி அமைப்பினர் எச்சரித்தார்கள்.