வற்ற மறந்த ஏரி: லோக்டாக்கின் நாற்பது ஆண்டுகள்

நீரின்றி அழிந்த ஏரிகளின் வரலாறு நாம் அறிந்ததே. நீர் வடியவிடாமல் தடுக்கப்பட்டதால் நலிந்த ஏரி ஒன்றும் இந்நாட்டில் உண்டு. வடகிழக்கு இந்தியாவின் மிகப்பெரிய நன்னீர் ஏரியான மணிப்பூரின் லோக்டாக்தான் அது.

மணிப்பூர்ப் பள்ளத்தாக்கின் தென்பகுதியில், நாற்புறமும் மலைகள் சூழ்ந்த தாழ்நிலத்தில் இவ்வேரி அமைந்துள்ளது. மெய்தேய் மொழியில் ‘லோக்’ என்பது ஓடையையும் ‘டாக்’ என்பது முடிவையும் குறிக்கும் என்பர். ஓடைகள் முடியும் இடம் என்பது பெயரின் பொருள். ஆனால் நீர் அங்கேயே தேங்கி நின்றுவிடவில்லை. மழைக்காலத்தில் மணிப்பூர் ஆறு பெருகும்போது, கோர்டாக் முதலிய கால்வாய்களின் வழியே வெள்ளம் ஏரிக்குள் ஏறும். மழை ஓய்ந்து ஆறு தாழ்ந்ததும், அதே வழியே ஏரிநீர் ஆற்றுக்குத் திரும்பும். ஆண்டுதோறும் நிகழ்ந்த இந்த ஏற்ற இறக்கமே அங்குள்ள உயிர்களின் வாழ்க்கை முறையை வகுத்தது.

லோக்டாக்கின் தனிச்சிறப்பு அதன் மிதவைத் தாவரத் திட்டுகள். மணிப்பூர் மக்கள் இவற்றைப் ‘பும்டி’ என்பர். நீர்ப்புற்கள், நாணல்கள், அவற்றின் பின்னிய வேர்கள், மட்கிய தழை, மண் ஆகியவை பல்லாண்டுகளாகச் சேர்ந்து உருவானவை இவை. முதிர்ந்த திட்டு இரண்டு மீட்டர் வரை தடித்திருக்கும். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே நீருக்கு மேலே தெரியும். எஞ்சியது நீருக்குள் அமிழ்ந்திருக்கும். கோடையில் நீர்மட்டம் தாழும்போது திட்டுகள் ஏரியின் அடித்தரையில் படியும். அப்போது வேர்கள் சேற்றைத் தொட்டுச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த மழையில் தடித்த திட்டாக மீண்டும் எழும். மிதக்கும் நிலத்துக்கும் தரையின் உணவு தேவைப்பட்டது.

இந்த மிதக்கும் நிலத்தை நம்பி வாழ்வது சங்காய் மான். மணிப்பூரின் மாநில விலங்கான இதன் இயற்கை வாழிடம் உலகில் இவ்வேரியின் தென்கிழக்கு மூலை ஒன்றே. 1951இல் இம்மான் அற்றுப்போய்விட்டதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில், அசாமின் தேயிலைத் தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான ஈ. பி. ஜீ, சில மான்கள் எஞ்சியிருப்பதை உறுதிப்படுத்தினார். 1975இல் வானிலிருந்து கணக்கெடுத்தபோது தென்பட்டவை 14 மட்டுமே. 1977இல் ஏறத்தாழ 40 சதுர கிலோமீட்டர் பரப்பு கெய்புல் லம்ஜாவோ தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வேட்டை ஒடுங்கியது. மான்கள் பெருகின, 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை 260 ஆயிற்று.

மானைத் துப்பாக்கியிடமிருந்து காக்க முடிந்தது. அதன் காலடி நிலத்தைக் காப்பது அத்துணை எளிதாக இருக்கவில்லை.

1983இல் லோக்டாக் நீர்மின் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது. 105 மெகாவாட் திறன் கொண்ட இத்திட்டத்துக்கு ஆண்டு முழுவதும் நீர் வேண்டும். அதற்காக மணிப்பூர் ஆற்றின் குறுக்கே இத்தாய் என்னுமிடத்தில் கதவணை எழுப்பப்பட்டது. ஏரியே நீர்த்தேக்கமாயிற்று. தெற்கே சிந்துவின் ஆற்றை நோக்கிச் சென்றுகொண்டிருந்த நீர், சுரங்க வழியே மேற்கே லெய்மாதாக் மின்நிலையத்துக்குத் திருப்பப்பட்டது. மின்விளக்குகள் எரிந்தன, ஏரியின் கோடைக்காலம் மறைந்தது.

விளைவுகள் பல திசைகளில் வெளிப்பட்டன. பூங்காவிலுள்ள திட்டுகள் ஆண்டு முழுவதும் மிதந்தபடியே இருந்ததால், அவற்றின் வேர்களுக்குத் தரைச் சத்து எட்டவில்லை. அவை மெலிந்தன, மானின் எடையைத் தாங்கும் பரப்பு சுருங்கியது. ஏரியின் திறந்த பகுதியிலோ இதற்கு நேர்மாறு. முன்பு வெள்ளத்தோடு ஆற்றின் வழியே வெளியேறிய திட்டுகள் கதவணையால் தடுக்கப்பட்டு, நீர்ப்பரப்பை அடைத்துக்கொண்டன. வேண்டிய இடத்தில் பும்டி தேய்ந்தது. வேண்டாத இடத்தில் குவிந்தது.

மீன்களுக்கும் வழி அடைபட்டது. மியான்மரின் ஆறுகளிலிருந்து மணிப்பூர் ஆற்றில் எதிர்நீச்சலிட்டு இனப்பெருக்கத்துக்காக வந்துகொண்டிருந்த பெங்பா மீன், இன்று ஏரியில் இயல்பாக வருவதில்லை. மாநில மீன் என்ற பெருமை அதற்கு உண்டு. மீன் பண்ணைகளில்தான் அது வளர்கிறது. கரையோர வயல்கள் நீரில் மூழ்கின. நிலமிழந்தோரில் பலர் மீன்பிடித் தொழிலுக்கு மாறி, மிதவைத் திட்டுகளின் மீதே குடிசை கட்டி வாழத் தொடங்கினர்.

1990இல் லோக்டாக் ராம்சர் தலமாக ஏற்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1993இல், சூழலியல் தன்மை சீர்கெட்டுவரும் ஈரநிலங்களுக்கான மாண்ட்ரோ பதிவேட்டிலும் இடம்பெற்றது. ஏரியைக் காக்க 2006இல் மாநில அரசு தனிச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் பெயரால் 2011 நவம்பரில் மிதவைத் திட்டுகளின் மீதிருந்த நூற்றுக்கணக்கான மீனவர் குடிசைகள் எரிக்கப்பட்டன. குடிசைகளின் கழிவும் மீன் வளர்ப்புக்காக அமைத்த வட்டத் திட்டுகளும் ஏரியைக் கெடுக்கின்றன என்பது அரசின் வாதம். அதில் உண்மை ஒரு பகுதி உண்டு; இம்பால் பக்கமிருந்து வரும் நம்புல் ஆறு நகரக் கழிவைக் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்மை. எனினும் நீர்மட்டத்தை நிலைநிறுத்திய கதவணைதான் திட்டுகளின் போக்கை மாற்றியது. காரணம் கதவணையில் இருக்க, தண்டனை குடிசைக்குக் கிட்டியது.

கதவணையை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை மணிப்பூரில் பல்லாண்டுகளாக எழுந்துவருகிறது. நீக்குவதா, கோடையில் மட்டும் திறந்து திட்டுகள் தரையில் படிய வழிசெய்வதா என்பது பொறியியலும் அரசியலும் சேர்ந்து விடை காணவேண்டிய கேள்வி. ஆனால் நீர்மட்டம் பற்றிய முடிவை மின்உற்பத்தியின் தேவை மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்பதை ஏரியே உணர்த்திவிட்டது. ஏரிக்கு நிறைதல் எவ்வளவு இயல்போ, குறைதலும் அவ்வளவு இயல்பு. இரண்டையும் நம்பித்தான் புல்லும் மானும் மீனும் மனிதரும் அங்கே வாழப் பழகியிருந்தனர்.