புத்தளக் கரையும் துருக்கி மொழியும்: ஓர் ஒலி விதியின் கதை

1344ஆம் ஆண்டு, மாலைதீவிலிருந்து மாபார் எனப்பட்ட தமிழகக் கரைக்குப் புறப்பட்ட கப்பல் ஒன்று, காற்றுத் திசை மாறியதால் இலங்கையின் மேற்குக் கரையில் வந்து ஒதுங்கியது. அதில் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இருந்தார். தாம் இறங்கிய ஊரை அவர் 'பத்தாலா' என்று எழுதினார். அது இன்றைய புத்தளமே என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. மரவேலி சூழ்ந்த சிறிய ஊர் அது என்றும், ஆறுகள் அடித்து வந்த கறுவாப்பட்டை மரங்கள் கரையில் குவிந்து கிடந்தன என்றும் அவர் குறித்துள்ளார்.

அங்கே அவரை வரவேற்றவன் ஆரியச் சக்கரவர்த்தி. முத்துக் குவியலைக் காட்டி விருந்தோம்பிய அம்மன்னனுக்குப் பாரசீகம் விளங்கியது. அயல்நாட்டு அரசர்களைப் பற்றிப் பதூதா சொன்ன கதைகளை அவன் ஆவலோடு கேட்டான். பாவா ஆதம் மலைக்குச் செல்ல விரும்பியபோது பல்லக்கும், நான்கு யோகிகளும், மூன்று பிராமணரும், வேறு ஆட்களும் கொடுத்து அனுப்பினான்.

இச்செய்தியை இலங்கை வரலாறு படித்தோர் அறிவர். தமிழ் மன்னன் ஒருவனும் மொரோக்கோ அறிஞர் ஒருவரும் தத்தம் தாய்மொழி அல்லாத மூன்றாவது மொழி ஒன்றில் தடையின்றி உரையாடினர் என்பதுதான் இதில் நான் வியக்கும் பகுதி. ஏனெனில் அதே பதூதா, சுமார் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் துருக்கியர் நாட்டில் மொழி தெரியாமல் பட்ட பாடு வேறு.

நெய் கேட்டவருக்கு வைக்கோல்

1330களின் தொடக்கத்தில் அவர் அனத்தோலியாவைக் கடந்து சென்றார். சிற்றூர் ஒன்றில், நெய் வாங்கிவர ஆளனுப்பினார்கள். நெய்க்கு அரபியில் 'ஸம்ன்' என்று பெயர். கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு, காத்திருக்கச் சொல்லி, ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தார். "நாங்கள் கேட்டது ஸம்ன்" என்றதற்கு, "இதுதான் ஸம்ன்" என்றாராம். துருக்கியில் வைக்கோலுக்கு 'ஸமன்' என்று பெயர். போனவர் சிரித்துக்கொண்டே வெறுங்கையோடு திரும்பினார்.

அதே வட்டாரத்தில் இன்னொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. அரபி தெரிந்தவர் என்று ஊரார் மதித்த சட்ட அறிஞர் ஒருவரைப் பயணிகளோடு பேச அழைத்து வந்தார்கள். அவருக்குத் தெரிந்தது பாரசீகம் மட்டுமே. மானத்தைக் காத்துக்கொள்ள, "இவர்கள் பேசுவது பழைய அரபி, எனக்குத் தெரிந்தது புதிய அரபி" என்று ஊராரிடம் கூறிவிட்டார். ஊரார் அதை நம்பியதோடு, நபிகளின் காலத்து அரபியைப் பேசுகிறவர்கள் என்று எண்ணிப் பயணிகளை மேலும் மதித்தார்களாம்.

'ஸமன்' என்ற அந்தச் சொல்லைச் சற்றுக் கவனிப்போம். அதில் இரண்டு உயிர்கள், இரண்டும் அகரம். வைக்கோலிலிருந்து என்று சொல்ல வேண்டுமானால் 'ஸமன்தன்' என்பர். அங்கும் அகரமே. ஆனால் வீடு என்று பொருள்படும் 'எவ்' என்ற சொல்லோடு அதே உருபு சேர்ந்தால் 'எவ்தென்' என்று எகரமாகிவிடும். துருக்கி படிக்கத் தொடங்குகிறவர் முதல் வாரத்திலேயே சந்திக்கும் விதி இது. இதை உயிரிசைவு என்று சொல்லலாம்.

விதி என்ன சொல்கிறது?

துருக்கியும் தமிழைப் போல ஒட்டுநிலை மொழி. பகுதியின் பின்னால் பன்மை, உடைமை, வேற்றுமை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுகள் வரும். 'எவ்லெரிமிஸ்தெ' என்றால் எம் வீடுகளில். எவ் என்பது வீடு, லெர் பன்மை, இமிஸ் எம்முடைய என்பது, தெ என்பது இல். வேற்றுமை உருபு கடைசியில் வருவதைக் காணும்போது தமிழர்க்கு அந்நிய உணர்வே தோன்றாது.

வேறுபாடு அடுத்த படியில் வருகிறது. தமிழில் 'கள்' எப்போதும் கள்தான். வீடுகள், கண்கள், குதிரைகள் என்று எந்த உயிருக்குப் பின்னும் அதன் அகரம் மாறாது. கற்கள், பூக்கள் என மெய்களில் மட்டுமே புணர்ச்சி விளையாடும். துருக்கியில் பன்மை ஒட்டுக்கு இரண்டு வடிவங்கள். வீடுகள் 'எவ்லெர்', குதிரைகள் 'அத்லர்'. பகுதியின் கடைசி உயிர் நாக்கின் முன்பகுதியில் பிறந்தால் ஒட்டும் முன்னுயிர் பெறும். பின்பகுதியில் பிறந்தால் பின்னுயிர் பெறும். அவ்வாறே வீட்டில் 'எவ்தெ', பள்ளியில் 'ஒகுல்தா'.

உடைமை உருபுக்கு நான்கு வடிவங்கள். வீட்டின் என்பது 'எவின்'. பள்ளியின் என்பது 'ஒகுலுன்'. குதிரையின் என்று சொல்லும்போது வரும் உயிரைத் தமிழில் எழுத முடியாது. ஆனால் தமிழர் வாய்க்கு அது பழக்கமானது: 'பாக்கு', 'நாடு' என்று முடியும்போது இதழ் குவியாமல் ஒலிக்கிறோமே, ஏறத்தாழ அந்தக் குற்றியலுகரம்தான். நான்காவது வடிவம் கண் போன்ற சொற்களுக்கு உரியது. அதன் உயிர் நாக்கில் இகரம், இதழில் உகரம். இதற்குத் தமிழில் பயிற்சி வேண்டும்.

நாக்கின் நிலை, இதழின் குவிவு என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் எட்டு உயிர்களும் ஒழுங்காகிவிடுகின்றன. தமிழ் இலக்கணம் படித்தவர்க்கு இது புதிய பாடமும் அன்று. தொல்காப்பியத்தின் பிறப்பியல் உயிர்களை மூன்று கூட்டமாகப் பிரிக்கிறது. அ, ஆ வாயைத் திறப்பதால் பிறப்பன. இ, ஈ, எ, ஏ, ஐ நாவிளிம்பு மேற்பல்லைச் சார்ந்து பிறப்பன. உ, ஊ, ஒ, ஓ, ஔ இதழ் குவிந்து பிறப்பன. உடம்படுமெய் விதியும் இப்பிரிவின்மேல் நிற்பதுதான். மணியோசை என யகரம் வருவதும், பூவழகு என வகரம் வருவதும் முன்னுயிரா, இதழ்குவி உயிரா என்பதைப் பார்த்தே. நம் புணர்ச்சி இந்த வேறுபாட்டை இடையில் ஒரு மெய்யை வைத்துத் தீர்க்கிறது. துருக்கி ஒட்டின் உயிரையே மாற்றித் தீர்க்கிறது.

விதிக்கு விலக்குகளும் உண்டு. அவை வரலாறு பேசுபவை. புத்தகம் என்ற பொருளில் அரபியிலிருந்து வந்த 'கிதாப்' இகரமும் ஆகாரமும் கலந்த சொல். துருக்கியச் சொல் என்றால் இப்படிக் கலவாது. ஆயினும் கடைசி உயிரைப் பார்த்து 'கிதாப்லர்' என்று ஒட்டு அமைந்துவிடுகிறது. மணி, நேரம் என்ற பொருளுடைய 'ஸாஅத்' இன்னும் பிடிவாதமானது. அகரத்தில் நின்றாலும் 'ஸாஅத்லெர்' என்றே பன்மை பெறும். வந்தேறிய சொல் ஐந்தாறு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் தன் பிறப்பை ஒட்டின்மேல் எழுதி வைத்திருக்கிறது.

எழுத்தில் ஒளிந்திருந்த ஓசை

எட்டாம் நூற்றாண்டின் ஓர்கோன் கல்வெட்டுகளில், பழந்துருக்கிய மெய்கள் பலவற்றுக்கு இரட்டை எழுத்துகள் உண்டு: முன்னுயிரோடு ஒன்று, பின்னுயிரோடு இன்னொன்று. பின்னர் அரபி எழுத்தை ஏற்றபோது எட்டு உயிர்களைக் குறிக்கப் போதிய எழுத்து இல்லை. ஆயினும் பின்னுயிர்ச் சொற்களில் 'காஃப்', முன்னுயிர்ச் சொற்களில் 'கெஃப்' என்று மெய்யின் வழியே உயிரை உணர்த்தினர். 1928 நவம்பரில் இலத்தீன் எழுத்து சட்டமான பிறகே எட்டு உயிர்களும் தனித்தனி எழுத்தாக வெளிப்பட்டன.

புத்தளம், கற்பிட்டிக் கரைக்கு இது அயல் கதை அன்று. கீழக்கரை, காயல்பட்டினத்திலிருந்து இலங்கை வரை முஸ்லிம்கள் தமிழை அரபி எழுத்தில் எழுதினர். அரபுத்தமிழ், அர்வி என்று அதற்குப் பெயர். அங்கும் இதே சிக்கல். அரபியில் இல்லாத தமிழ் மெய்களுக்குப் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கினர். எகரத்துக்கும் ஒகரத்துக்கும் தனிக் குறிகளைச் சேர்த்தனர். இஸ்தான்புல்லும் இந்தக் கரையும் ஒன்றையொன்று பாராமலே ஒரே வகையான வேலையைச் செய்திருக்கின்றன.

இக்கரை முஸ்லிம்களைத் தமிழர் 'துலுக்கர்' என்று அழைத்தது 'துருக்கர்' என்ற சொல்லின் திரிபு. அவர்களுடைய முன்னோர் அராபிய வணிகரும் இந்நாட்டவரும் தென்னிந்தியரும்; துருக்கியர் அல்லர். துருக்கித் தொப்பி மட்டும் வந்தது. வழக்கறிஞர் எம்.சி. அப்துல் காதர் அத்தொப்பியோடு உயர்நீதிமன்றத்தில் வாதாடத் தடை விதிக்கப்பட்டபோது, 1905 டிசம்பர் 31இல் கொழும்பு மருதானைப் பள்ளிவாசலில் பெருங்கூட்டம் கூடியது. இருபது ஆண்டுகள் கழித்து, 1925இல், துருக்கியே அத்தொப்பியைச் சட்டம் போட்டு விலக்கியது.

உறவு என்று கருதியவர்கள்

டென்மார்க்கின் மொழியறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் 1821இல் கொழும்பில் தங்கியிருந்து, சிங்கள எழுத்து முறை பற்றிய நூலை அங்கேயே அச்சிட்டார். தென்னிந்திய மொழிகளைத் துருக்கி, பின்னிஷ் முதலியவற்றோடு ஒரு பெருங்கூட்டத்தில் சேர்க்கலாம் என்று முதலில் குறித்தவர் அவரே. 1854இல் மாக்ஸ் முல்லர் அக்கூட்டத்துக்குத் 'துரானியம்' என்று பெயரிட்டு விரித்தெழுதினார். மன்னார் வளைகுடாவின் மறுகரையில், இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் சான்றுகளை அடுக்கினார். உயிரிசைவு அவற்றுள் ஒன்று.

அவர் எடுத்துக்காட்டியது தெலுங்கு. நான்காம் வேற்றுமை உருபு 'கு' தெலுங்கில் இகரத்தின் பின் 'கி' ஆகும். குருவுக்கு என்பது 'குருவுகு'. கத்திக்கு என்பது 'கத்திகி'. பன்மையிலோ ஒட்டின் உகரம் பின்னோக்கிச் சென்று பகுதியை மாற்றும்: கத்தி, 'கத்துலு'. தமிழ்ப் பேச்சிலும் இதற்குத் தூரத்து நிழல் உண்டு. இலை 'எலை' ஆவதும், உலகம் 'ஒலகம்' ஆவதும் பின்வரும் அகர ஐகாரங்களின் இழுப்பால். தென்திராவிட மொழிகளின் இந்த மாற்றத்தை பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1958இல் ஒழுங்குபடுத்திக் காட்டினார். ஆனால் துருக்கியில் பகுதி ஒட்டை ஆள்கிறது. 'எலை'யில் பின்னது முன்னதை ஆள்கிறது. திசையே வேறு.

துரானியக் கொள்கை இன்று கைவிடப்பட்டுவிட்டது. திராவிடம் தனிக் குடும்பம். துருக்கியம் தனிக் குடும்பம். அடிப்படைச் சொற்களில் ஒழுங்கான ஒலிப்பொருத்தம் காட்டாமல், ஒட்டுநிலையையும் உயிரிசைவையும் மட்டும் கொண்டு உறவு நாட்ட முடியாது. ஹங்கேரியனுக்கும் உயிரிசைவு உண்டு. ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றுக்கும் ஒருவகை உயிரிசைவு உண்டு. எல்லாரும் உறவினர் ஆகிவிடுவதில்லை.

கரை தரும் சான்று

இலக்கண ஒப்புமை பிறப்பால் மட்டும் வருவதன்று என்பதற்கு இக்கரையே சான்று. நீர்கொழும்பு மீனவர் தமிழை ஆராய்ந்து ஸ்டீவன் போன்டா 2008இல் எழுதிய கட்டுரை, அத்தமிழின் வினைமுற்றுகள் திணை, பால், எண், இட விகுதிகளை இழந்துவிட்டதைக் காட்டியது. பேச்சுச் சிங்களத்தில் வினைக்கு அவ்விகுதிகள் இல்லை. அண்டை மொழியின் இலக்கணம் தமிழுக்குள் புகுந்திருக்கிறது. இதைக் கண்டு ஒருவர் தமிழும் சிங்களமும் ஒரு தாய் மக்கள் என்றால் எவ்வளவு பிழையோ, உயிரிசைவைக் கண்டு துருக்கியை உறவென்பதும் அவ்வளவு பிழை.

வடக்கே சிலாபம் வரையிலும் அதற்கப்பாலும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பலவற்றில், பள்ளிகளின் பயிற்றுமொழி சிங்களமான பின் 20ஆம் நூற்றாண்டில் வீட்டுமொழியே மாறிவிட்டது. பாட்டி தமிழில் கேட்கப் பேரன் சிங்களத்தில் விடை சொல்லும் நிலை வந்தது. திரௌபதை அம்மன் கோயிலும் தீமிதிப்பும் உள்ள உடப்பு அதே கரையில் தமிழோடு நிற்கிறது. இனம் மொழியைத் தீர்மானித்தது, மொழி இனத்தைத் தீர்மானித்தது என்ற இரண்டு வாய்பாடுகளுக்கும் இந்த நாற்பது ஐம்பது மைல் கரை அடங்கவில்லை.

கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி இதை வாழ்ந்தே காட்டியவர். புத்தளத்தில் மணியகாரராகப் பணியாற்றி, 1834இல் இலங்கைக் கசற்றியரும் 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறான 'தமிழ் புளூட்டாக்'கும் ஆங்கிலத்தில் எழுதினார். கத்தோலிக்கர், செட்டி மரபினர், பன்மொழி அறிந்தவர். முக்குவரையும் சோனகரையும் பற்றி எழுதியபோதும், தம்மைச் சூழ வாழ்ந்தவர்களின் வழக்கங்களைப் பார்த்துப் பதிவு செய்தார்.

அவருக்குப் பின் வந்த தலைமுறை அவ்வளவு நிதானம் காட்டவில்லை. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், தமிழ் பேசுவதைச் சான்றுகளுள் ஒன்றாக்கி, இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். அந்த வழக்கின் கசப்பு ஒரு நூற்றாண்டு நீடித்தது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பல்லாயிரவர் இதே புத்தளக் கரைக்குத்தான் வந்து சேர்ந்தனர். அவர்கள் பேசியது யாழ்ப்பாணத்து, மன்னாரத்துத் தமிழ். மொழி ஒன்றாக இருந்ததால் அவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிடவில்லை.

துருக்கி மொழியைத் தமிழர் உறவென்று கருதிப் படிக்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் பிரித்து வைத்த உயிர்களைக் கையில் வைத்துக்கொண்டு, நாக்கு எங்கே, இதழ் எப்படி என்று கேட்டுக்கொண்டு படித்தால் ஒட்டுகள் தாமே பிடிபடும். 'ஸமன்' என்றால் வைக்கோல் என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.