முதல் ஹதீஸுக்கு எத்தனை பாடம்?

ஜவ்வாது மலைக்கு வடக்கே பாலாற்றைத் தாண்டினால், ஆம்பூர்–பேரணாம்பட்டு சாலையில் உமராபாத். அங்கே 1924-இல் தொடங்கிய ஜாமிஆ தாருஸ்ஸலாம் மதரஸாவில் ஓதியவர் ஸியாவுர் ரஹ்மான் அஃஸமி. அசம்கரில் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் ஹதீஸ் புலத்தின் தலைவரானார். ஆதாரபூர்வமான ஹதீஸ்களைப் பொருள்வாரியாகத் திரட்டி ‘அல்ஜாமிஉல் காமில்’ என்ற பெருந்தொகுப்பைச் செய்தார். பொருள்வாரி என்றால், எது எந்தப் பொருளில் சேரும்? ஸஹீஹுல் புகாரியின் முதல் பதிவைப் பிரித்துப் பார்க்கலாம்.

பாடத் தலைப்பு: நபி (ஸல்) அவர்களுக்கு வஹீ எப்படித் தொடங்கியது என்பது. கீழே வரும் செய்தியோ எண்ணத்தைப் பற்றியது; அதில் வஹீயைப் பற்றிப் பேச்சே இல்லை! உரைகாரர்கள் பலவிதமாகச் சமாதானம் சொல்கிறார்கள். நூல் தொடங்குகிறவர் தம் எண்ணத்தைத் தூய்மைப்படுத்திக்கொள்கிறார் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. புகாரி தனியாக முன்னுரை எழுதவில்லை. அவருடைய சட்ட அறிவு தலைப்புகளில்தான் இருக்கிறது என்பார்கள் ஆலிம்கள். ஷா வலியுல்லாஹ் அந்தத் தலைப்புகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

இஸ்னாத் (அறிவிப்பாளர் தொடர்): புகாரிக்குச் சொன்னவர் ஹுமைதி, அவருக்கு ஸுஃப்யான், அவருக்கு யஹ்யா பின் ஸயீத், அவருக்கு முஹம்மத் பின் இப்ராஹீம், அவருக்கு அல்கமா. மிம்பரில் நின்று உமர் (ரலி) சொல்லக் கேட்டவர் அல்கமா. யஹ்யா வரை தலைமுறைக்கு ஒருவர்தான். அவருக்குப் பிறகே பலரிடம் பரவியது.

மத்ன் (செய்தியின் வாசகம்): செயல்கள் நிய்யத்தை, அதாவது எண்ணத்தைப் பொறுத்தவை, உலக லாபத்துக்கோ ஒரு பெண்ணை மணக்கவோ ஹிஜ்ரத் செய்தவருக்கு அதுவே கிடைக்கும் என்பது கருத்து. புகாரி இதை ஏழு இடங்களில் வைக்கிறார். ஈமான், அடிமை விடுதலை, நிக்காஹ், சத்தியம், சட்டத் தந்திரங்கள் என ஒவ்வொன்றிலும் தலைப்பு மாற, ஹதீஸின் வேலையும் மாறுகிறது. அபூதாவூதில் இது தலாக் பகுதியில் இருக்கிறது: இரு பொருள்படும் சொல்லைச் சொன்னவனுடைய எண்ணம் என்ன என்ற கேள்வி அங்கே. நஸாயீ உளூவில் வைக்கிறார். திர்மிதீ ஜிஹாதில், இப்னு மாஜா பற்றின்மையில். முஸ்லிம் ஆட்சிப் பகுதியில் வைத்தார். ஆனால் அவர் பாடத் தலைப்பு எழுதவில்லை. இன்று அச்சில் பார்ப்பவை பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டில் நவவீ இட்டவை.

இமாம் அஹ்மதின் முஸ்னதில் இந்தச் சிக்கலே கிடையாது. அது ஸஹாபிகளின் பெயர்வாரியாக அடுக்கப்பட்டது. உமர் (ரலி) அறிவித்தது உமரின் பகுதியில் இருக்கும். தலாக்கா, உளூவா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.