கோடு கிழிப்பவர் யார்?

உழவன் ஏர் பிடித்துக் கிழிக்கும் கோடு ஒரு பருவத்தில் மறையும். அரசு மை தொட்டுக் கிழிக்கும் கோடோ தலைமுறை தலைமுறையாக நிற்கும். 'இங்கே வீடு, அங்கே கடை, அதற்கப்பால் ஆலை, எஞ்சியது வேளாண்மை' என்று நிலத்தை வகுப்பனவே நகரமைப்பு விதிகள். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இவ்விதிகளைத் திருத்தும் பேச்சு எழுந்தால் நில வணிகர்கள் செவிகளைத் தீட்டிக்கொள்கின்றனர். இளைஞர்களோ, 'இது பொறியாளர் வேலை, நமக்கென்ன?' என்று ஒதுங்குகின்றனர். ஒதுங்கலாமா? வரலாற்றைக் கேட்போம், தோழர்களே!

நிலத்தை வகுத்து மனிதரைப் பிரிப்பது நேற்று வந்த வழக்கம் அன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் ஊர்களை அளித்தபோது, வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கல்லில் வெட்டி வைத்தனர். அப்பட்டியலில் ஊர்நத்தம் ஒன்று, பறைச்சேரி வேறொன்று, கம்மாணச்சேரி மற்றொன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஊர் வேறு, சேரி வேறு என்று அளந்து எழுதிவிட்டனர். அந்தக் கோட்டைக் கிழித்தது யார்? சேரியில் வாழ்ந்தவரா? அவரை யாரேனும் கேட்டதுண்டா?

பின்னர் வெள்ளையர் வந்தனர். 1792-இல் திப்புவிடமிருந்து பாரமகாலைப் பெற்ற கும்பினி, அலெக்சாண்டர் ரீட், தாமஸ் மன்றோ ஆகியோரை அனுப்பிற்று. நன்செய், புன்செய், தோட்டம் என நிலம் அளக்கப்பட்டது. ரயத்துவாரி முறை முளைவிட்டது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மண்ணிலேதான்! ஓசூர்ப் பகுதி 1799-இல், திப்பு வீழ்ந்தபின், கும்பினியின் கைக்கு வந்தது. அளவுக்கயிறு வரிக்காக நீட்டப்பட்டது. பட்டா உடையவன் பெயர் ஏட்டில் ஏறிற்று. அவன் நிலத்தில் பாடுபட்டவன் பெயர் ஏறவில்லை.

இந்நோய் நமக்கு மட்டும் உரியதோ என்றால், இல்லை. விடுதலைச் சிலையை நிறுத்தியுள்ள அமெரிக்காவைப் பாருங்கள். கறுப்பர் குடியிருக்கும் தெரு எது, வெள்ளையர் தெரு எது என்று 1910-இல் பால்டிமோர் நகரம் விதி எழுதிற்று. லூயிவில் நகரின் அத்தகைய விதியை 1917-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வீழ்த்தியது. ஆனால், வீடு, கடை, ஆலை என்று பிரித்த யூக்ளிட் ஊரின் விதியை அதே நீதிமன்றம் 1926-இல் ஏற்றது. பல குடும்பங்கள் வாடகைக்கு வாழும் கட்டடத்தை அத்தீர்ப்பு ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டது! நிறத்தின் பெயரால் விலக்குவது தடுக்கப்பட்டது. வாடகைக்கு வாழும் ஏழையை விலக்க வழி திறந்தே இருந்தது.

நம் மாநிலத்தில் 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் பிறந்தது. அதன் இடத்தில் 1971-இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அதே 1971-இல் சிப்காட் நிறுவனமும் தோன்றி, ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகள் எழுந்தன. புதுநகர் வளர்ச்சிக் குழுமம் அமைந்தது. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. ஆலையால் ஆயிரமாயிரம் பேர் சோறுண்கின்றனர். சாதித் தொழிலின் பிடியிலிருந்து பலர் விடுபட்டனர். ஆகவே ஆலையை நாம் பழிக்கவில்லை. வேளாண் நிலம் தொழிற்பகுதியாக மாறும்போது நிலவிலை உயர்கிறது. பட்டா உள்ளவருக்கு ஆதாயம். அந்நிலத்தில் கூலி பெற்றவருக்கு என்ன? புகைபோக்கிக்கு அருகில் குடியிருப்பவர் யார்? ஆலைக்குத் தொழிலாளரை அழைத்த வரைபடம், அவர் தலை சாய்க்க இடம் ஒதுக்கிற்றா? இவற்றைத்தான் கேட்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. இது எல்லை வட்டாரம். கருநாடக நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பெங்களூருப் பக்கத்துக் கழிவு கலந்து, அணைநீர் நுரை பொங்கிய செய்தியைப் பலமுறை படித்தோம். நம் விதி அத்திப்பள்ளியோடு நின்றுவிடும், ஆறு நிற்குமா? இரு மாநிலங்களும் கூடி வகுக்காத வரையில், எப்பக்கத்து விதியும் அரை விதியே.

கோடுகள் விதியின் எழுத்தல்ல. மனிதர் போட்டவை, மனிதரால் மாற்றத்தக்கவை. 1997-இல் தமிழக அரசு தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரங்கள் அதற்குச் சான்று. நூறு வீடுகள், பல சாதியார் அடுத்தடுத்த வாயிலில். கல்லில் வெட்டிய சேரிக்கோட்டை, வீட்டு ஒதுக்கீட்டு ஆணை ஒன்றால் தாண்ட முடிந்தது.

1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிட்டால் மக்கள் மறுப்புக் கூறக் குறைந்தது இரண்டு மாதம் தரவேண்டும். நிலம் வைத்திருப்பவர் வழக்கறிஞரோடு வருவார். நிலமற்றவர்க்காக யார் வருவது? படித்த நாம்தான். வரைபடத்தைப் படிப்பகத்தில் விரித்து வையுங்கள். சேரி எங்கே, ஏரி எங்கே, ஆலை எங்கே என்று விரல் வைத்துக் காட்டுங்கள். மறுப்பை எழுதி, கையொப்பம் திரட்டி, நாள் கடக்குமுன் கொடுங்கள். கேட்காமல் கிழித்த கோடு ஆயிரம் ஆண்டு நின்றது. கேட்க ஆள் இருக்கும்போது இன்னொன்று கிழிக்கப்பட விடலாமா?