பெயரையும் முகவரியையும் தானாக மாற்றும் கணனி: நிறுத்துவது எப்படி?

காணாமல் போனோர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம், காணி விடுவிப்புக்கு ஒரு மனு, சமாதான நீதவான் ஒப்பமிட ஒரு சத்தியக்கடதாசி. இவற்றை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்யும்போது நாம் அடித்த எழுத்தைக் கணனி எங்களைக் கேளாமலே மாற்றிவிடுவதுண்டு. 'ஓட்டோகரெக்ட்' எனப்படும் தன்னியக்கத் திருத்தம்தான் காரணம். அவசரத்தில் தட்டுபவரின் சிறு பிழைகளைச் சரிசெய்வதற்காக வந்த வசதி இது. ஆனால் பெயர் எது, பிழை எது என்று அதற்குத் தெரியாது.

மற்றவர்களுக்கு இது சின்ன எரிச்சல். எங்களுக்கு அப்படியல்ல. இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்து, பிறகு பிரதி எடுத்தவர்கள் பலரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. தர்ஷினி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். இதற்கு மேல் கணனியும் புதிதாக ஒரு வடிவத்தை உண்டாக்கினால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று இன்னொரு சத்தியக்கடதாசி முடிக்க வேண்டிவரும். தாய்மார் அதற்காக ஒரு நாள் வேலையை விட்டு பஸ் ஏறி வரவேண்டும்.

மனுக்கள் தட்டச்சுச் செய்து கொடுப்பவன் என்ற வகையில் நான் அதிகம் காணும் மாற்றங்களைச் சொல்கிறேன். மைக்ரோசொப்ட் வேர்டில் பந்திகளுக்கு ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்தை அடைப்புக்குறிக்குள் இட்டு வருவோம். சி வந்ததும் அது பதிப்புரிமைக் குறியாக மாறிவிடும். ஈ வந்தால் யூரோ நாணயக் குறி. வீட்டு இலக்கம் 1/2 என்று அடித்து இடைவெளி விட்டால் ½ என்ற ஒற்றை எழுத்தாகிவிடும். பிறகு அந்த ஆவணத்தில் 1/2 என்று தேடினால் கிடைக்காது. முதலெழுத்தைப் புள்ளியில்லாமல் பெயரோடு சேர்த்து எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்துகள் வந்தால் இரண்டாவதைச் சிறிய எழுத்தாக்கும் விதி ஒன்று உண்டு. அது தகப்பனின் முதலெழுத்தைப் பிள்ளையின் பெயருக்குள் கரைத்துவிடும். மலேசியாவில் 'தெ' என்ற சீனக் குடும்பப் பெயருக்கும் இதே கதிதான்: ரி, ஈ, எச் என்று அடித்தால், எழுத்து இடம் மாறிவிட்டதென்று நினைத்து அதை ஆங்கிலச் சுட்டுச் சொல்லாக்கிவிடும்.

நிறுத்தும் வழி இது. வேர்டில் 'ஃபைல்', 'ஒப்ஷன்ஸ்', 'புரூஃபிங்' என்று போய் 'ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ்' பொத்தானை அழுத்துங்கள். வரும் பெட்டியில் 'ரிப்ளேஸ் ரெக்ஸ்ட் அஸ் யூ ரைப்' என்பதற்கு முன்னால் உள்ள சரியடையாளத்தை எடுத்துவிட்டால் சொற்களை மாற்றுவது நின்றுவிடும். இரண்டு பெரிய எழுத்து விதி அதற்கு மேலேயே இருக்கிறது, அதையும் எடுங்கள். பின்னத்தை ஒற்றை எழுத்தாக்கும் விதி அதே பெட்டியில் 'ஓட்டோஃபோர்மட் அஸ் யூ ரைப்' என்ற தனிப் பக்கத்தில் உள்ளது. பலர் முதற்பக்கத்தோடு மூடிவிட்டு, இன்னும் மாறுகிறதே என்று கேட்பது இதனால்தான்.

கூகுள் டொக்ஸில் 'ரூல்ஸ்', பிறகு 'பிரிஃபரன்சஸ்'. அங்கே எழுத்துப்பிழையைத் தானாகத் திருத்துவதற்கான அடையாளத்தை எடுத்துவிட்டு, பக்கத்திலுள்ள 'சப்ஸ்ரிரியூஷன்ஸ்' பட்டியலையும் பாருங்கள். லிப்ரே ஒஃபிஸில் 'ரூல்ஸ்' பட்டியலில் 'ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ்' உண்டு. விண்டோஸ் 11 தன் பங்குக்கும் திருத்தும்: 'செற்றிங்ஸ்', 'ரைம் அண்ட் லாங்குவேஜ்', 'ரைப்பிங்'. ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் மறுக்க வேண்டுமென்றால், மாறிய அக்கணமே கொன்ட்ரோல் விசையுடன் இசட்டை அழுத்தினால் நாம் அடித்தபடி திரும்பிவிடும்.

சொல்லின் கீழ் வரும் சிவப்புக் கோடு வேறு விடயம். அது எதையும் மாற்றுவதில்லை, காட்டுவதோடு சரி. அதை நிறுத்த வேண்டாம் என்பதே என் எண்ணம். பெயரின் கீழ் கோடு வந்தால் அடையாள அட்டையை ஒருமுறை பார்க்கத் தோன்றும். எரிச்சலில் அந்தப் பெயரை அகராதியில் சேர்ப்பதென்றால் பார்த்துவிட்டுச் சேருங்கள். பிழையாகச் சேர்த்த பெயருக்குப் பிறகு கோடே வராது.

பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் சங்கங்களுக்கு எக்ஸெல்தான் பெரிய ஆபத்து. 12/3 என்ற வீட்டு இலக்கத்தை அது திகதியாக்கும். 45/120 என்பதை விட்டுவிடும். சிலது மாறி சிலது மாறாமல் இருப்பதால் ஒருவர் கண்ணிலும் படாது. தொலைபேசி இலக்கத்தின் முதல் பூச்சியம் போய்விடும். 12 இலக்கம் கொண்ட புதிய அடையாள அட்டை எண், நடுவில் ஈ எழுத்துடன் விஞ்ஞானக் குறியீடாகத் தெரியும். பெரிய ஆய்வுகூடங்களும் இதில் தப்பவில்லை. எக்ஸெல் திகதியாக்கிவிடுகிறது என்பதற்காகவே மனித மரபணுப் பெயரிடும் குழு சில மரபணுக்களின் குறியீடுகளை மாற்றியதை 2020 இல் அறிவித்தது.

ஆகவே தட்டத் தொடங்கமுன் முழு நிரலையும் தெரிவுசெய்து, அதன் வடிவத்தை 'ரெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். அல்லது ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி இடுங்கள். திகதியான பிறகு 'ரெக்ஸ்ட்' ஆக்கினால் பழைய இலக்கம் வராது, சம்பந்தமில்லாத ஐந்திலக்க எண்தான் வரும். அப்போது மூலக் கடதாசியைப் பார்த்துத் திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை. அதனால் கையால் எழுதிய பட்டியலை வீசாதீர்கள்.

வேர்டிலும் லிப்ரே ஒஃபிஸிலும் விண்டோஸிலும் செய்த அமைப்புகள் பொதுவாக நீங்கள் மாற்றிய அந்தக் கணனியில் மட்டுமே செல்லும். வேறு கடைக்குப் போனால் அங்கே எல்லாம் பழையபடி இருக்கும். தட்டச்சுச் செய்பவரிடம் முதலே சொல்லுங்கள், ஒப்பமிட முன் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து, அச்சான தாளில் பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு அவரே வாசித்துக் காட்டட்டும்.